கேபிள் கத்துகிறது, படம் முணுமுணுக்கிறது: வீட்டு டிவியின் சத்தத்தைச் சமன்செய்யும் வழிகள்

ஒரே டிவியில் கேபிள், யூட்யூப், ஓடிடி படம், பென் டிரைவ் என்று மாறி மாறிப் பார்க்கும் வீடுகளில் ரிமோட்டில் முதலில் தேய்ந்து போவது வால்யூம் பொத்தான்தான். கேபிள் செய்திக்கு 15 போதும். அதே 15-இல் ஓடிடி படத்தைப் போட்டால் வசனம் காதில் விழாது. 35-க்கு ஏற்றிப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேபிளுக்குத் திரும்பினால் நகைக்கடை விளம்பரம் தெருமுனை வரை கேட்கும். டிவியில் ஏதோ கோளாறு என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவோர் உண்டு. பெரும்பாலும் அப்படி ஒன்றும் இருக்காது. திரையில் தெரியும் 15, 35 என்பவை சத்தத்தின் அளவு அல்ல, உள்ளே வரும் ஒலியை எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதற்கான படிகள். உள்ளே வருவது ஏறி இறங்கினால் வெளியே கேட்பதும் ஏறி இறங்கத்தான் செய்யும்.

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மரக்காணம் உப்பளக் கரையில் இந்தத் தொல்லை இன்னும் கூர்மையாகத் தெரியும். காரணங்கள் மூன்று. உப்புக்காற்று இணைப்புப் பின்களை அரிக்கிறது. சிமெண்ட் ஷீட் வீட்டில் ஃபேன் இரைச்சலும் வெளிக்காற்றும் எப்போதும் உண்டு, ஆகவே மெல்லிய வசனம் அடிபட்டுப் போகிறது. ஜனவரி வாக்கில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரும்வரை நீளும் உப்பு வாரும் பருவத்தில், வெயிலுக்கு முன் வேலையை முடிக்க விடியுமுன்னே உப்பளத்துக்குப் போகிறவர்கள் இரவு சீக்கிரம் படுக்கிறார்கள். ஒருவர் தூங்க, ஒரு பிள்ளை படிக்க, மற்றவர்கள் டிவி பார்க்க இருப்பது அதே ஒற்றை அறை. அங்கே பத்து டெசிபல் ஏறினாலும் வீட்டில் சண்டைதான்.

டிவிக்குள் ஒலி வரும் வழிகளும் கடந்த இருபது ஆண்டுகளில் பெருகிவிட்டன. 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிகளை வழங்கத் தொடங்கியபோது பெரும்பாலான வீடுகளுக்கு வந்தது ஒரே ஒரு அனலாக் கேபிள் ஒயர். கேபிள்காரரின் கட்டுப்பாட்டறையில் ஒவ்வொரு சேனலுக்கும் தனி மாடுலேட்டர் இருக்கும். ஒன்றின் சத்தம் கூடினால் அவரே ஒரு குமிழைத் திருகிக் குறைக்கலாம். 2017-இல் அரசு கேபிள் நிறுவனம் விலையில்லா செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியது. டிஜிட்டலுக்கு மாறியதும் அந்தக் குமிழ் போயிற்று. சேனல் எந்த மட்டத்தில் ஒலியை அனுப்புகிறதோ அதே மட்டத்தில் அது வீட்டுக்கு வந்துவிடும். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கி, பின்னர் டிடி ஃப்ரீ டிஷ் ஆன மாதச் சந்தா இல்லாத டிஷ் இன்னொரு வழி. இவற்றுக்குமேல் ஸ்மார்ட் டிவியின் செயலிகளும், எச்டிஎம்ஐயில் செருகும் ஸ்டிக்கும், பென் டிரைவும் சேர்ந்தன. இவற்றில் எதுவும் மற்றொன்றைக் கேட்டு நடப்பதில்லை.

சத்தம் ஏன் வேறுபடுகிறது

நெடுங்காலம் ஒளிபரப்பு நிலையங்கள் ஒலியின் உச்சத்தை மட்டுமே கவனித்தன. மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் விதி. ஆனால் காது உச்சத்தை வைத்து உரப்பை எடைபோடுவதில்லை. சில விநாடிகளின் சராசரியை வைத்தே எடைபோடுகிறது. ஒரு திரைப்படத்தில் கதவு அறையும் ஓசை ஒரு கணம் உச்சத்தைத் தொடும், மற்ற நேரமெல்லாம் பேச்சு வெகு கீழே ஓடும். விளம்பரம் தயாரிப்பவர் மெல்லிய பகுதிகளை எல்லாம் கம்ப்ரஸர் கொண்டு மேலே தூக்கி, 30 விநாடியும் உச்சத்தை ஒட்டியே ஓடவிடுவார். இரண்டின் உச்சமும் ஒன்றே, மீட்டரும் ஒன்றையே காட்டும். கேட்பவருக்கு மட்டும் விளம்பரம் இரு மடங்காகக் கேட்கும். சேனல்காரர் வேண்டுமென்றே வால்யூமை ஏற்றுவதாகப் பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலும் ஏற்றம் விளம்பரத்துக்குள்ளேயே இருக்கிறது.

இதைச் சரியாக அளக்கும் முறையை 2006-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்தது. காதின் உணர்வுக்கு ஏற்ப அதிர்வெண்களுக்கு எடை கொடுத்து, நேரச் சராசரி எடுத்து, உரப்பை ஒரே எண்ணாகச் சொல்லும் முறை அது. அதன் அலகு எல்யுஎஃப்எஸ். அமெரிக்காவில் எல்கேஎஃப்எஸ் என்பார்கள், இரண்டும் ஒன்றே. ஐரோப்பிய ஒளிபரப்பாளர் ஒன்றியம் 2010-இல் நிகழ்ச்சிகளுக்கு −23 என்ற மட்டத்தை வைத்தது. அமெரிக்கா −24-ஐ எடுத்துக்கொண்டு, விளம்பரத்தின் உரப்பு நிகழ்ச்சியை மிஞ்சக் கூடாது என்று சட்டமே இயற்றியது; 2012 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஓடிடி அந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்ததால், ஓடிடி விளம்பரங்களையும் கட்டுப்படுத்தக் கலிஃபோர்னியா மாநிலம் 2025-இல் தனிச்சட்டம் கொண்டுவந்தது.

இந்தியாவிலும் விதி உண்டு. 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 7-ஆம் விதி, விளம்பரத்தின் காட்சியும் ஒலியும் அளவுமீறி உரக்க இருக்கக் கூடாது என்கிறது. எத்தனை டெசிபல் மீறினால் மீறல் என்று அந்த வரி சொல்வதில்லை. எண் இல்லாத விதியை மீட்டர் வைத்துப் பிடிக்க முடியாது. ஆகவே வேலை வீட்டுக்காரர் தலையில் விழுகிறது.

ஓடிடி பக்கம் ஒவ்வொருவரும் தங்களுக்கென ஓர் அளவை வைத்திருக்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் தன்னிடம் வரும் படங்களின் வசன உரப்பு −27-ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்கிறது. யூட்யூப் சுமார் −14-ஐத் தாண்டும் வீடியோவை இறக்கிவிடும். அதற்குக் கீழே இருப்பதை ஏற்றிக் கொடுக்காது. ஆகவே நன்றாக மாஸ்டர் செய்த புதுப் பாடலுக்கும் நெட்ஃபிளிக்ஸ் படத்தின் வசனத்துக்கும் இடையே 13 டெசிபல் வரை இடைவெளி விழும். பத்து டெசிபல் ஏறினாலே காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகத் தோன்றும். 15-க்கும் 35-க்கும் இடையே ரிமோட் அல்லாடுவதன் கணக்கு இதுதான். யூட்யூபுக்குள்ளேயே இந்த வித்தியாசம் தெரியும்: பட நிறுவனம் ஏற்றிய டிரெய்லர் முழங்கும், ஊர்த் திருவிழாவை யாரோ போனில் எடுத்துப் போட்ட வீடியோ முனகும்.

டால்பி இதில் இன்னொரு முடிச்சு. டால்பி டிஜிட்டல் ஒலியோடு சேர்ந்து, அதில் வசனம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் குறிப்பு எண் ஒன்றும் வரும். பெட்டியோ டிவியோ அதைப் படித்து ஒலியை இறக்கும். லைன் மோட் என்ற அமைப்பில் வசனம் −31-க்கு வந்து நிற்கும். உச்சங்களுக்கு நிறைய இடம் கிடைக்கும். ஆர்எஃப் மோட் என்ற அமைப்பில் வசனம் −20-க்கு ஏறி, உச்சங்கள் நசுக்கப்படும். ஒரே படம், ஒரே டிவி, இந்த ஒரு அமைப்பில் மட்டும் 11 டெசிபல் வித்தியாசம். சாதாரணச் சேனல்கள் பயன்படுத்தும் எம்பெக் ஸ்டீரியோ ஒலியில் இந்தக் குறிப்பு எண் ஏற்பாடே கிடையாது, அது வந்த மட்டத்திலேயே போகும். கேபிளிலிருந்து ஓடிடிக்குத் தாவும்போது சத்தம் பள்ளத்தில் விழுவதற்குப் பெரும் காரணம் இது.

5.1 ஒலியை டிவியின் இரண்டு சிறு ஸ்பீக்கரில் அடக்கும்போதும் வசனம்தான் அடி வாங்குகிறது. ஆறு வழி ஒலியை இரண்டாகக் கலக்கினால் உச்சம் வெடிக்காமலிருக்க மொத்தத்தையும் இறக்க வேண்டியிருக்கும். வசனம் வரும் நடுச் சேனல் 3 டெசிபல் குறைத்தே இருபுறமும் சேர்க்கப்படும். தியேட்டரில் திரைக்குப் பின்னால் தனி ஸ்பீக்கரில் வந்த குரல், வீட்டில் பின்னணி இசையோடு இடம் பங்கிட வேண்டியதாகிறது.

முதலில் பின், பிறகு அமைப்பு

கடற்கரை வீடுகளில் மெனுவுக்குள் நுழையுமுன் டிவிக்குப் பின்னால் கைவிட்டுப் பார்ப்பது நல்லது. உப்பு ஈரத்தை இழுக்கும்; ஈரமும் உப்பும் சேர்ந்தால் மலிவான பின்களின் முலாம் சில பருவங்களில் போய்விடும். செட்டாப் பாக்ஸின் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஏவி பின்களை உருவிப் பார்த்தால் வெளி வளையத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி படிந்திருக்கும். கேபிள் வழி சத்தம் குறைவு, ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடுவது, தொட்டால் கரகரப்பு, இடைவிடாத உறுமல் எல்லாம் அந்தப் பொடியின் வேலை.

இதில் விசித்திரமான அறிகுறி ஒன்று உண்டு. பாட்டின் இசை கேட்கும், பாடகர் குரல் மட்டும் காணாமல் போகும். சீரியலில் பின்னணி இசை வரும், பேச்சு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வரும். சின்ன 3.5 மி.மீ. பின் ஒருபுறமும் மூன்று ஏவி பின்கள் மறுபுறமும் உள்ள ஒயர்களில் இது அடிக்கடி நேரும். அந்த ஒயரில் இடம், வலம் இரண்டுக்கும் தரை இணைப்பு ஒன்றே. அது அரித்துத் துண்டித்துப் போனால் இரண்டு பக்கத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் மட்டுமே கேட்கும். இரு பக்கமும் சமமாக வரும் குரல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. பெட்டிக்கு உரியதல்லாத ஒயரைச் செருகினாலும் இதேதான் நடக்கும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அந்தச் சின்னப் பின்னின் வளைய வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இந்த நிலையில் வால்யூமை எவ்வளவு ஏற்றினாலும் பேச்சு வராது. ஒயரை மாற்றினால் உடனே வரும்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பின்னைத் துடைத்து, செருகி இரண்டு மூன்று முறை திருகினால் பெரும்பாலும் சரியாகும். பெட்டியில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் ஏவி ஒயரைத் தூக்கிப் போட்டுவிடுவதே மேல். எச்டிஎம்ஐ பின்னும் அரிக்கும். ஆனால் அரித்தால் படமும் ஒலியும் சேர்ந்து விட்டு விட்டு வரும், சத்தம் மட்டும் குறையாது. டிஷ், கேபிள் ஒயரின் திருகு முனையும் அப்படியே. டிஜிட்டலில் சிக்னல் பலவீனமானால் படம் கட்டம் கட்டமாக உடையும், ஒலி அறுபடும். சிக்னல் வீக், அதனால்தான் சத்தம் கம்மி என்று சொல்லி டிஷ்ஷைத் திருப்ப வருபவரிடம் காசு கொடுக்கத் தேவையில்லை.

இரண்டு வால்யூம்

செட்டாப் பாக்ஸுக்கு ஒரு வால்யூம், டிவிக்கு ஒரு வால்யூம். பல வீடுகளில் பெட்டியின் ரிமோட்டில் யாரோ எப்போதோ பாதிக்குக் குறைத்து வைத்திருப்பார்கள்; அதை ஈடுகட்ட டிவியை ஏற்றி வைத்திருப்பார்கள். குறைத்த ஒலியைத் திரும்பப் பெருக்கும்போது இரைச்சலும் சேர்ந்து பெருகும். ஏவி ஒயரில் உறுமல் இருந்தால் அதுவும் சேர்ந்து ஏறும். பெட்டியை முழு அளவுக்கு ஏற்றிப் பார்த்து, பேச்சில் பிசிறு தட்டினால் இரண்டு மூன்று படி இறக்கி, அங்கேயே விட்டுவிட வேண்டும். அதன்பின் ஏற்றுவதும் இறக்குவதும் டிவி ரிமோட்டில் மட்டும். இதற்குச் செலவில்லை, பலன் உடனே தெரியும். உறுமல் அடங்கும், பேச்சு துலங்கும்.

ஆனால் கேபிளை இப்படி முழுதாக ஏற்றிவிட்டால் ஓடிடியோடு உள்ள இடைவெளி இன்னும் பெரிதாகுமே என்ற கேள்வி வரும். வரும்தான். அதற்கு ஓடிடியை மேலே கொண்டுவரும் வழிகளை முதலில் பார்க்க வேண்டும்; அவையும் போதவில்லை என்றால் மட்டும் பெட்டியின் வால்யூமைச் சில படிகள் இறக்கி இரண்டையும் நேர்செய்யலாம். உப்பளத்தில் பாத்தியின் நீர்மட்டத்தைப் பாத்திக்குள் நின்று சரிசெய்ய மாட்டார்கள், மடையில் செய்வார்கள். ஒலியையும் டிவிக்குள் நுழையும் இடத்திலேயே நேர்செய்வதுதான் முறை. உள்ளே வந்த பிறகு டிவி செய்யும் எந்தச் சமனும் அதற்கு அடுத்தபடிதான்.

ஓடிடியை மேலே கொண்டுவர முதல் வேலை, ஸ்டிக் அல்லது டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீடு ஆட்டோ அல்லது டால்பி என்று இருப்பதைப் பிசிஎம் அல்லது ஸ்டீரியோ என்று மாற்றுவது. சவுண்ட் பார் இல்லாத வீட்டில் டால்பி வெளியீட்டால் பயன் ஒன்றுமில்லை. பல கருவிகளில் இந்த ஒரே மாற்றத்தில் வசனம் தெளிவாக எழும்பும். படத்தின் மொழிப் பட்டியலில் தமிழ் 5.1, தமிழ் என்று இரண்டு இருந்தால் 5.1 இல்லாததைத் தேர்வது அடுத்தது. ஸ்டுடியோவில் இரண்டு ஸ்பீக்கருக்கென்றே கலந்த ஒலி, டிவி அவசரமாகக் கலக்கும் ஒலியைவிட நன்றாகத்தான் இருக்கும். செட்டாப் பாக்ஸ் மெனுவில் லைன், ஆர்எஃப் என்ற தேர்வு இருந்தால் ஷீட் வீட்டுக்கு ஆர்எஃப் பொருத்தம். ஒலிப்பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். ஃபேன் ஐந்தில் சுற்றும் அறையில் நுணுக்கமான மெல்லொலி எப்படியும் கேட்கப் போவதில்லை.

சில டிவிகளில் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனித்தனியே ஒலியைக் கூட்டிக் குறைத்து வைக்கும் வசதி உண்டு. சோனி பிராவியாவில் வால்யூம் ஆஃப்செட் என்ற பெயரில் இருப்பது அதுதான். எச்டிஎம்ஐ ஒன்றில் கேபிளை நான்கு படி குறைத்து வைத்துவிட்டால் அது நினைவில் நிற்கும், மற்றவை பாதிக்கப்படாது. ஒலியை நசுக்காமல், தாமதப்படுத்தாமல் வேலை செய்யும் இந்த எளிய வசதியை எல்லா டிவிக்காரர்களும் ஏன் கொடுப்பதில்லை என்பது புரியாத புதிர். புது டிவி வாங்குபவர்கள் கடையிலேயே மெனுவைத் திறந்து இது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஆட்டோ வால்யூம்: எங்கே உதவும், எங்கே கெடுக்கும்

சாம்சங்கில் ஆட்டோ வால்யூம், எல்ஜியில் தானியங்கி ஒலிச் சமன், சோனியில் அட்வான்ஸ்டு ஆட்டோ வால்யூம், விலை குறைந்த டிவிகளில் ஏவிஎல். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றே. ஒலி ஒரு மட்டத்தைத் தாண்டினால் டிவி தானே இறக்கும், தாழ்ந்தால் தானே ஏற்றும். எவ்வளவு வேகமாக இறக்குகிறது, எவ்வளவு மெதுவாகத் திரும்ப ஏற்றுகிறது என்பதில்தான் நல்லதும் கெட்டதும் பிரிகிறது.

செய்தி விவாதத்தில் போட்டுப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. நால்வர் ஒரே நேரத்தில் கத்தும்போது இறங்கி, ஒருவர் தனியாகப் பேசும்போது ஏறும். சீரியலுக்கு நடுவே விளம்பரம் பாயும்போதும் முதல் ஒரு விநாடி மட்டுமே அதிரும், பிறகு அடங்கும். படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இந்த இரண்டுமே போதுமான காரணம்.

திரைப்படத்தில் கதை வேறு. இரவுக் காட்சி, இருவர் மெல்லப் பேசுகிறார்கள். பேச்சு நின்ற இடைவெளியில் டிவி ஒலியைத் தேடித் தேடி ஏற்ற, சில்வண்டுச் சத்தமும் பின்னணி இரைச்சலும் மூச்சு இழுப்பதுபோல் மேலெழும். அப்போது கதவு அறைகிறது. டிவி சட்டென்று இறக்குகிறது. அதற்கு அடுத்த வசனம், கதைக்கு வேண்டிய வசனம், பாதி விழுங்கப்படுகிறது. பாடலில் தவில் அடிக்கு ஒருமுறை குரல் பின்வாங்கித் திரும்பும். கிரிக்கெட்டில் கூட்டத்தின் ஆரவாரமும் வர்ணனையாளர் குரலும் ஒரே உயரத்துக்கு வந்து, சிக்ஸர் போனது காதுக்குத் தெரியாமலே போகும். விலை குறைந்த டிவிகளில் இந்த ஏற்ற இறக்கம் முரட்டுத்தனமாக இருக்கும். விலை கூடியவற்றில் மென்மையாக இருக்கும், இல்லாமல் போகாது.

எனவே ஆட்டோ வால்யூமைக் கேபிளுக்கு வைத்துக்கொண்டு படத்துக்கு அணைப்பது நல்லது. சில டிவிகள் உள்ளீட்டுக்கு உள்ளீடு ஒலி அமைப்பைத் தனியே நினைவில் வைக்கும். அங்கே இதை ஒருமுறை செய்தால் போதும். வைக்காத டிவியில் ஒவ்வொரு முறையும் மெனுவுக்குள் போக வேண்டும். இரண்டாம் நாளே யாரும் அதைச் செய்ய மாட்டார்கள் என்பதுதான் உண்மை.

யூட்யூபின் சமன் வசதி இதைவிடப் பக்குவமானது. வீடியோ ஓடும்போது அமைப்புச் சக்கரத்தைத் தொட்டால் ஸ்டேபிள் வால்யூம் என்று வரும். எல்லாக் கருவியிலும் இருக்காது. பேச்சு வீடியோக்களில் நன்றாக உதவும். பாட்டு கேட்கும்போது அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பாட்டின் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும். பென் டிரைவில் வரும் படங்களுக்கு டிவியின் சொந்த பிளேயரைவிட விஎல்சி மேல். ஒலியை நூறு சதவீதத்துக்கு மேலும் ஏற்றித் தரும். ஏற்றினால் உச்சம் பிசிறும், ஆனால் முனகும் பழைய படத்தில் பிசிற உச்சமே இருக்காது.

ஆம்ப்ளிஃபயரும் சவுண்ட் பாரும்

தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் மெக்கானிக்குகள் கையால் சேர்த்துக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர்களுக்குத் தனி வரலாறு உண்டு. சான்யோ தயாரித்த 4440 ஐசி, ஒரு டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு மர ஸ்பீக்கர் பாக்ஸ். ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட்தான் என்றாலும் ஷீட் வீட்டுக்கு அது தாராளம். இன்று அதன் முகப்பில் யுஎஸ்பி, எஃப்எம், புளூடூத் சேர்ந்த சின்ன பலகை ஒன்றும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தப் பலகைக்குத் தனி ரிமோட், தனி வால்யூம். பென் டிரைவ் பாட்டு முழங்கும். டிவிக்கு மாற்றினால் சத்தம் பாதியாகும்.

மெக்கானிக்கிடம் சொன்னால் இதற்குத் தீர்வு சில ரூபாயில் முடியும். உரக்கக் கேட்கும் உள்ளீட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் வரிசையில் ஒரு 10 கே ரெசிஸ்டர், தரைக்கு இன்னொரு 10 கே. சிக்னலின் மின்னழுத்தம் பாதியாகும், அதாவது ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். வரிசையில் 22 கே வைத்தால் சுமார் 10 டெசிபல் குறையும். ரெசிஸ்டருக்குப் பதிலாகத் திருகும் பிரிசெட் வைத்தால் காதால் கேட்டே நேர்செய்துவிடலாம். எந்தச் செயலியாலும் இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடியாது. ஒரே எச்சரிக்கை: கடலோரத்தில் திறந்த பிரிசெட்டும் அரிக்கும். நேர்செய்த பிறகு அதே மதிப்புள்ள ரெசிஸ்டரை வைத்துப் பற்றவைத்துவிடுவது நீடிக்கும்.

பென் டிரைவுக்குள்ளேயே பாட்டுக்குப் பாட்டு சத்தம் மாறினால் கம்ப்யூட்டரில் எம்பி3கெயின் என்ற இலவச மென்பொருள் கைகொடுக்கும். பாட்டை மறுபடி சுருக்கிக் கெடுக்காமல், கோப்பில் இருக்கும் ஒலி மட்ட எண்ணை மட்டும் 1.5 டெசிபல் படிகளில் மாற்றும். வேண்டுமானால் பழைய நிலைக்கும் திரும்பலாம். எழுபதுகளின் மெலடியும் போன மாதக் குத்துப்பாட்டும் ஒரே வால்யூமில் ஓடும்.

சவுண்ட் பார் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது கடைக்காரர் பேச்சு. பாதி சரி. டிவியின் ஒலியைச் சவுண்ட் பாருக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சி வழியாக இணைத்தால் எந்த மூலத்தைப் பார்த்தாலும் வால்யூம் ஒரே இடத்தில், ஒரே ரிமோட்டில் இருக்கும். அந்த அளவில் குழப்பம் தீர்கிறது. மட்ட வித்தியாசம் அப்படியே தொடரும். அதைக் குறைப்பது சவுண்ட் பாரில் உச்சங்களைத் தணிக்கும் நைட் மோடும் குரலை முன்னே தள்ளும் வாய்ஸ் மோடும்தான். நைட் மோட் டிவியின் ஆட்டோ வால்யூமைவிடப் பொதுவாக நிதானமாக வேலை செய்யும். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. ஒன்று இறக்கியதை மற்றது ஏற்ற, ஒலி ஊஞ்சலாடும். வாங்கப் போகிறவர்கள் வாட் எண்ணைப் பார்ப்பதற்குப் பதிலாக ஏஆர்சி, நைட் மோட், வாய்ஸ் மோட் மூன்றும் இருக்கின்றனவா என்று பார்ப்பது பயன் தரும். உப்புக்காற்று வீட்டில் சப்வூஃபரைத் தரையில் ஜன்னலோரம் வைப்பது மட்டும் வேண்டாம்.

நேர்செய்யும் முறை

இதற்குக் கருவி வாங்க வேண்டியதில்லை, போனில் டெசிபல் காட்டும் இலவசச் செயலி போதும். போன் மைக் காட்டும் எண் துல்லியமாக இருக்காது; ஒன்றோடொன்று ஒப்பிட அது தடையில்லை. வழக்கமாக உட்காரும் இடத்தில், காது உயரத்தில், போனை அசையாமல் வைக்க வேண்டும். ஃபேன் வழக்கமான வேகத்தில் சுற்றட்டும். முதலில் டிவியை அணைத்து அறையின் சொந்த இரைச்சலைப் பார்க்க வேண்டும். ஃபேன் மட்டுமே 50-ஐத் தொடுகிறது என்றால் அதைவிடப் பத்தாவது மேலே இருந்தால்தான் பேச்சு சிரமமில்லாமல் புரியும். சாதாரண உரையாடல் 60 டெசிபல் அளவில் இருக்கும், அதுவே நல்ல இலக்கு.

அளவுகோலாக எடுக்க வேண்டியது பேச்சை. இசையையோ விளம்பரத்தையோ அல்ல. கேபிளில் ஒருவர் தனியாகச் செய்தி வாசிக்கும்போது அரை நிமிடச் சராசரியைப் பார்த்து, அது 60-ஐ ஒட்டும்வரை டிவி வால்யூமை வைக்க வேண்டும். பிறகு வால்யூமைத் தொடாமல் மற்ற ஒவ்வொரு வழியிலும் பேச்சுக் காட்சி ஒன்றை ஓட்டி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றிலும் மெல்லியது எதுவோ அதைப் பிசிஎம், ஸ்டீரியோ, ஆர்எஃப் அமைப்புகளால் மேலே கொண்டுவந்து, எட்டாத மீதத்துக்கு உரக்கக் கேட்பதை ஆஃப்செட்டாலோ பெட்டியின் வால்யூமாலோ கீழே கொண்டுவர வேண்டும். இரண்டு மூன்று டெசிபலுக்குள் வந்துவிட்டால் போதும். அதற்குக் கீழே உள்ள வித்தியாசத்தைக் காது பொருட்படுத்தாது. கடைசியாக, அதுவும் கேபிளுக்கு மட்டும், ஆட்டோ வால்யூம்.

சேனலுக்குச் சேனல் உள்ள வித்தியாசமும் விளம்பரத்தின் பாய்ச்சலும் இதற்குப் பின்னும் ஓரளவு எஞ்சும். அவை பெட்டிக்குள் ஒரே வழியாக வருவதால் மூல மட்டத்தில் பிரிக்க முடியாது. ஒரு சேனலின் விளம்பரம் தாங்க முடியாத அளவுக்குப் போனால், 2021-இல் திருத்திய கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி அந்தச் சேனலுக்கே எழுத்தில் புகார் அனுப்பலாம். 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கும், அதற்குமேல் மத்திய அரசின் குழுவுக்கும் போகலாம். புகாரில் சேனல், தேதி, நேரம், எந்த விளம்பரம் என்ற விவரங்கள் வேண்டும். விதியில் எண் இல்லாவிட்டாலும், முன்னால் ஓடிய நிகழ்ச்சியில் எத்தனை, விளம்பரத்தில் எத்தனை என்று போன் காட்டிய இரண்டு எண்களைச் சேர்த்து எழுதினால் புகாருக்குக் கனம் கூடும்.

மின்வெட்டுக்குப் பின் சில செட்டாப் பாக்ஸ்கள் வால்யூமைத் தொடக்க நிலைக்குத் திருப்பிவிடும். மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின் சில டிவிகள் பிசிஎம் அமைப்பை ஆட்டோவுக்கு மாற்றிவிடும். நேர்செய்த மதிப்புகளை ஒரு காகிதத்தில் எழுதி டிவியின் பின்புறம் ஒட்டிவைத்தால் மறுபடி தேட வேண்டியதில்லை. 2011-இல் தானே, 2024-இல் ஃபெஞ்சல் என்று புயல் பார்த்த கரை இது. மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் ஏவி பின்களைத் துடைத்து, அந்தக் காகிதத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டால் அடுத்த மழை வரை கவலையில்லை.